வேங்கடசுப்ரமணியன் சாரின் ரசக் கேள்வி

வேங்கடசுப்ரமணியன் சார் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் தள்ளியவர். முறையான வழியில் வராத காகிதத்தைத் தொடக்கூட மாட்டார். மனைவி போனபின் அந்தச் சட்டம் வீட்டுக்கும் வந்தது. மகள் ஷ்ருதி, நிச்சயமான கல்யாணத்தை நிறுத்திவிட்டு குர்லாவில் தனியாக வீடு எடுத்தபோது, "ஏதாவது சொல்லணும்னா எழுத்து மூலமா சபை வெப்சைட்ல போடு, பார்க்கறேன்" என்று சொல்லி அவள் நம்பரை பிளாக் செய்தார்.

மும்பை மாதுங்காவில் எங்கள் தமிழ்ச் சபையின் வெப்சைட்டை அவர்தான் கவனித்தார். செயலாளரான நான் கையெழுத்து மட்டும் போடுவேன். அவள் எழுதியிருப்பாளோ என்று மனிதர் தினமும் வெப்சைட்டின் கடிதப் பெட்டியைத் திறப்பார். கேட்டால், சபை வேலையாம். உள்ளே கூந்தல் தைலமும் கடன் அழைப்பும் குவிந்திருக்கும். எல்லாம் பாட் என்கிற மெஷின் எழுதியவை.

சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. பாட்களைத் தடுக்க வீடியோ பார்த்துப் பாடம் படித்தார். மனிதர்தான் என்று நிரூபிக்க, எழுதுகிறவர்களை சிக்னல் விளக்குப் படங்களைத் தொடச் சொன்னார். பாட்கள் சரியாகத் தொட்டன, சபை உறுப்பினர்கள் முழித்தார்கள். கடைசியில் ஒரு பிரம்மாஸ்திரம் விட்டார். தமிழில் ஒரு கேள்வி: ரசம் இறக்கும்போது என்ன தூவுவோம்? பதில் சரியாக இருந்தால்தான் கடிதம் உள்ளே வரும். மறுநாளே ஒரு பாட் கொத்தமல்லி என்று எழுதி, பெருங்காயமும் சேர்க்கலாம் என்று யோசனை சொல்லி, கடன் வேண்டுமா என்று கேட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் கேள்வியை எடுக்கவில்லை, குப்பை பாதியாகக் குறைந்ததாம்.

ஆண்டறிக்கையில் போடுவதற்காக, தடுத்து நிறுத்திய போலிகளின் பட்டியலைக் கேட்டேன். பெருமையாகத் திறந்தார். தடுத்த கடிதங்களை வெப்சைட் வைத்துக்கொள்வதில்லை, தவறான பதில்களை மட்டும் வைத்திருந்தது. ஒரே முகவரியிலிருந்து பதினோரு முயற்சி. எவ்வளவு பிடிவாதமான பாட் என்று மெச்சியபடி கடைசிப் பதிலைப் படித்தார். தமிழ்தான், ஆங்கில எழுத்தில் இருந்தது.

"அப்பா, நான் ஷ்ருதி. எனக்குத் தமிழ் படிக்க வராது. ஸ்கூல்ல தமிழ் எடுத்தா மார்க் வராதுன்னு சொன்னது நீதானே."

அவர் தேதியைப் பார்த்தார். அது வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், குர்லாவுக்கு அடுத்த ஸ்லோ ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மாதுங்காவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். ஒன்றரை வருஷமாக அங்கே வெப்சைட் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்.