பெக்கோக் மூலிகை வகுப்பில் கழற்றப்படாத காலுறை

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர் உலு திராமிலிருந்து பெக்கோக் என்ற சிற்றூருக்குப் போய்வந்தேன். வீட்டு மூலிகை வைத்தியம் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பு. எனக்கு மூலிகையில் ஆர்வம் உண்டாகக் காரணம் என் தங்கை வாசுகியின் கணவர் சேகரன். தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய்த் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். சில வாரங்களாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே நீட்டிய ஒரு செடியின் இலைச்சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னால் அவர் கேட்பதில்லை. நான் சொன்னால் யாருமே கேட்பதில்லை. மூலிகை தெரிந்தவர் சொன்னால் கேட்பார் என்பது வாசுகியின் கணக்கு. வலது காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது என்பதையும் அவள் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

காலை ஏழு மணிக்கு நானும் சேகரனும் என் காரில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் யோங் பெங் வரை போய், அங்கே இறங்கி, சாஆ வழியாகப் பெக்கோக். ஏறக்குறைய 150 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். போக வர டோலும் பெட்ரோலும் எண்பது வெள்ளிக்குள் முடியும். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். கண்ணுக்கு வேறு வேலை இல்லாததால் பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். சேகரன் வானொலியை மாற்றினார், ஜன்னலை இறக்கினார், ஏற்றினார், இடது காலை ஆட்டினார். வலது கால் மட்டும் அசையவே இல்லை.

யோங் பெங்கில் பசியாறினோம். தே தாரிக் டீ சொன்ன சேகரன், சீனி தூக்கலாக இருக்கட்டும் என்றார்.

"மாப்புள, சீனியா?"

"இலை குடிக்கிறேன்ல மச்சான். அது பாத்துக்கும்."

நாட்டில் இலாகாக்களின் மேல் இல்லாத நம்பிக்கையை மக்கள் இலைகளின் மேல் வைத்திருக்கிறார்கள்.

வகுப்பு நடத்துகிறவர் ஓய்வு பெற்ற நர்ஸ். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள்; வேலையை விட்டாலும் அந்தப் பட்டம் விடுவதில்லை. கட்டணம் சாப்பாட்டோடு ஐம்பது வெள்ளி. வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். சேகரன் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையோடு உள்ளே வந்தார்.

முற்பகல் முழுக்கப் பயனுள்ள பாடம். கற்பூரவள்ளியை நிழலில் உலர்த்துவது, சளிக்கு ஆவி பிடிப்பது, சுக்குமல்லிக் கஷாயத்தை எப்போது அடுப்பிலிருந்து இறக்குவது. ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. இரண்டைக் கலந்து குடித்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. நான் குறித்துக்கொண்டேன். சேகரன் மூன்று முறை மணி பார்த்தார். அவரால் நான் நான்கு முறை பார்த்தேன்.

மதியத்துக்கு முன் மிஸ்ஸி, முன்பே கொண்டுவரச் சொல்லியிருந்த, அவரவர் வீட்டில் குடிக்கும் செடியை மேசையில் வைக்கச் சொன்னார். ஐந்து பேர் வைத்தோம். ஐந்தும் ஒரே செடி.

லாபிஸிலிருந்து வந்திருந்த அக்கா, கிட்னிக் கல்லுக்கு என்றார். உள்ளூர் டாக்சிக்காரர் ரத்தக் கொதிப்புக்கு என்றார். ஒருவருக்கு மூட்டு வலி, இன்னொருவருக்கு முடி உதிர்தல். உலு திராமில் அது சர்க்கரைக்கு.

"யாரு குடுத்தா?" என்று மிஸ்ஸி ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான். தாமான் என்கிற எங்கள் குடியிருப்புகளில் பலகாரத் தட்டைத் திருப்பித் தரும்போது வெறும் தட்டாகத் தருவது மரியாதை இல்லை. ஒரு தண்டை ஒடித்து வைத்துக் கொடுப்பார்கள். தண்டு வேலி தாண்டும், வாங்குகிறவர் வீட்டில் எந்த நோய் இருக்கிறதோ அதற்கு மருந்தாகிவிடும்.

"இதுக்குப் பேரு என்னா மிஸ்ஸி?" என்றார் டாக்சிக்காரர்.

"தெரியாது. அழகுக்கு வைக்கிற செடி மாதிரி இருக்கு. பேர் தெரியாத இலையை நான் ஆட்டுக்குக்கூடக் குடுக்க மாட்டேன்."

"எனக்கு முடி வளருதுங்களே," என்றார் ஒருவர். எல்லோரும் அவர் தலையைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார்கள்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. அவர் கண் சேகரனின் வலது காலுறையில் இருந்தது. நுனியில் ஈரம்.

"தம்பி, ஸ்டோக்கிங்கைக் கழட்டுங்க."

"குளிருது மிஸ்ஸி."

"பெக்கோக்ல, மத்தியானத்துல? அலமாக்! கழட்டுங்க."

கழற்றினார். இரண்டாவது விரல் கறுத்து வீங்கி, அரைத்த இலை அப்பியிருந்தது. கழற்றும்போது அவர் முகம் சுளிக்கவே இல்லை, வலி தெரியவில்லை. மிஸ்ஸியின் குரல் தணிந்தது.

"வலிக்கலைன்னு சந்தோசப்படாதீங்க. இப்பவே போங்க. நாளைக்குன்னா விரலை எடுக்கணும்னு சொல்லுவாங்க."

சாப்பிடாமல் கிளம்பினோம். வீட்டுப்பக்கம் திரும்ப வேண்டிய வண்டியை லாபிஸ் பக்கம் திருப்பினேன். அங்கே சனிக்கிழமை திறந்திருக்கும் கிளினிக் உண்டு என்று கல்லுக்கார அக்கா சொல்லியிருந்தார். மழை பிடித்தது. முன்னால் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று, முந்தவும் முடியாது, பின்னால் நிம்மதியாகப் போகவும் முடியாது.

"வாசுகிகிட்ட சொல்லாதீங்க," என்றார் சேகரன்.

"அவதான் எனக்கே சொன்னா."

அவர் ஜன்னலை இறக்கினார், சாரல் அடித்தது, ஏற்றினார்.

"இலை மேல நம்பிக்கையெல்லாம் இல்ல மச்சான். அடுத்த தடவை இன்சுலின் ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊசி போடுறவன மெஷின்ல நிக்க விடுவாங்களா? சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா காண்ட்ராக்ட் போயிரும். அதான் கிளினிக் பக்கமே போகல."

நான் இத்தனை நாள் அவரை முட்டாள் என்று நினைத்திருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

லாபிஸ் டாக்டர் கைவிரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டுச் சிகாமாட் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். கால்விரல் பிழைத்தது, நகம் போனது. ஊசி ஆரம்பித்தது.

போக நினைப்பவர்களுக்கு: தாராளமாகப் போங்கள், சளி, செரிமானம் போன்ற சின்ன உபாதைகளுக்கு நல்ல வகுப்பு. கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் இலை எதுவானாலும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். கற்றதை மாத்திரையோடு சேர்த்துப் பாருங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. கால் மரத்துப்போயிருந்தால் வகுப்புக்கு முன் கிளினிக்குக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சேகரன் சூப்பர்வைசருக்கு விஷயத்தை எழுதி அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார், நிமிர்த்தினார், மறுபடி கவிழ்த்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுத்து எதுவும் இல்லாமல் ஒரு படம் வந்தது. சூப்பர்வைசர் வீட்டு ஐஸ்பெட்டியின் கதவு. முட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு இன்சுலின் பேனா.

சேகரன் அதை விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவன் எத்தனை வருசமா மெஷின்கிட்ட என்கூட நிக்கிறான் மச்சான்," என்றார்.