ஒரு எலிகூடச் சாகல

ஹில்டா கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமே வேண்டாம். பொத்தேரியில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கூண்டு கழுவி, தீவனம் வைத்து, தினம் காலையில் ஒரு காட்டுக்கொடியின் சாற்றை எலிகளின் வாயில் குழாய் விட்டு இறக்குவாள். கடி வாங்காமல் எலியைப் பிடிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. சர்க்கரைக்கு நல்லதென்று ஊரெல்லாம் சொல்கிற அந்தக் கொடியில் விஷம் உண்டா என்பதுதான் சோதனை. சாறு இல்லாமல் வெறும் தண்ணீர் குடிக்கிற எலிகளுக்கு அங்கே 'கன்ட்ரோல்' என்று பெயர்.

வீட்டில் அவள் புருஷன் தனசிங்குக்கோ சர்க்கரை எந்த மாத்திரைக்கும் அடங்காமல் ஆட்டம் காட்டியது. கால் விரல் ஒன்று போயாச்சு. அடுத்தது காலே போய்விடுமோ என்று ஹில்டா ஜெபம் பண்ணாத நாளில்லை. கூடத்தில் பார்த்தால், மாசக்கணக்கில் சாறு குடித்த எலியெல்லாம் கொழுகொழுவென்று ஓடுகின்றன. பார்க்கிறவளுக்கு ஆசை வராதா? கொடி கொண்டுவரும் குப்புராஜிடம், "அண்ணா, எனக்கும் ஒரு கட்டு போடுங்க" என்று கேட்டு வாங்கிவந்துவிட்டாள்.

"விஷம் கிஷம் இருக்கப்போவுது ஹில்டா" என்று இழுத்தார் தனசிங்.

"ஒரு எலிகூடச் சாகலங்க. என் கையாலதானே குடுக்குறேன்? கண்ண மூடிக்கினு குடிங்க."

குடித்தார். தினமும் குடித்தார்.

சோதனை முடிந்த அன்று ஆராய்ச்சி மாணவி ஜெரூஷா எலிகளை அறுத்துப் பார்த்தாள். ஹில்டா தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கன்ட்ரோல் எலிகளின் ஈரல் நல்ல சிவப்பாக இருந்தது. சாறு குடித்தவற்றின் ஈரல் வீங்கி வெளுத்து, தொட்டால் பிய்ந்து வந்தது.

"நல்லாத்தானேம்மா ஓடினு இருந்துச்சுங்க!"

"வெளிய தெரியாதுக்கா. அறுத்துப் பாத்தாதான் தெரியும். அதுக்குத்தானே இவ்ளோ நாள் காத்திருந்தோம்."

அடிப்பாவி, இதை ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா! வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

தாம்பரம் வரைக்கும் ரயிலில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

வீட்டு வாசலிலேயே தனசிங் காத்திருந்தார். "இன்னிக்கு டெஸ்ட் எடுத்தேன். சுகர் ஃபுல்லா கன்ட்ரோல்!" அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாச்சு.

ஹில்டா அவர் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, கண் இமையை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் பூத்திருந்தது.

"செருப்பப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்குடி? எலியெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"