நாயில் கழித்த ஆறு கிலோ

போன சனிக்கிழமை பதுளை பஜாருக்கு நாய்ச்சாப்பாடு வாங்கப் போனேன். ஒரு நாயின் சாப்பாட்டுக்காக இந்த வயதில் நான் பஸ் ஏறிப் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எல்லாம் மகளின் வேலை. கொழும்பில் வேலை கிடைத்துப் போனவள் சட்டி பானை முதற்கொண்டு கட்டி எடுத்துக்கொண்டு, போலோவை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டாள். போலோ எழுந்து நின்றால் முன்கால் இரண்டும் என் தோளில் இருக்கும். தினமும் போனில் முதலில் அவனைத்தான் விசாரிக்கிறாள். நேரம் மிச்சமிருந்தால் எங்களையும் விசாரிப்பாள்.

கடைக்கார நானா நல்ல மனுஷன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். பை பையாக எடுத்து மேசையில் போட்டு, பின்பக்கம் இருந்த அட்டவணையைக் காட்டினார்.

"பெரிய ஜாதி நாய்க்கி வேற, சின்ன ஜாதிக்கி வேற சேர். ஒங்கட நாய் எத்தின கிலோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சில்லறைக்கு விற்கும் சாக்கின் வாயை அவிழ்த்துவிட்டார். கருவாடும் தவிடும் கலந்த மணம். சாக்கின் அடி மழையில் நனைந்திருக்க வேண்டும், அதோடு ஈரச்சணல் வாடையும் சேர்ந்து வந்தது. அந்த வாடை என்னைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலையில் பெண்களின் வேலையைப் பார்ப்பது, மடுவத்தில் கொழுந்தை நிறுத்து எழுதுவது, இவைதான் என் உத்தியோகம். மடுவம் என்றால் தகரக்கூரை போட்ட நிறுவைக் கொட்டகை. நடுவே ஒரு வட்டத் தராசு தொங்கும். ஒவ்வொருத்தியாகச் சாக்கைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்ட, முள் ஆடி நிற்கும், நான் எழுதுவேன். அந்த எழுத்தை வைத்துத்தான் அவர்களுக்குக் கூலி. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஆனாலும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் தோட்டத்து மேனேஜரான துரை மனைவியின் வைத்தியத்துக்காக நாலு மாதம் வெளிநாடு போனார். பங்களாச் சமையற்காரரும் அதே நேரம் பார்த்து ஊருக்குப் போய்விட்டார். துரையிடம் மேஜர் என்று ஒரு நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம். என்ன ஜாதி என்று சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழில் திட்ட நன்றாக வரும்.

"மிருக டாக்டர் நிறுத்துச் சொன்னாரு, நாப்பத்தெட்டுக் கிலோ. வாரா வாரம் நிறுத்து எழுது. நான் வர்றப்போ நாய் எளைச்சிருந்தா, நீ வேலைய விட்டுட்டுப் போ. சரியா?"

"சரிங்க தொரை" என்றேன். வேறு என்ன சொல்வது? என் சம்பளத்தை நம்பி வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

துரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். மாட்டிறைச்சி, சோறு, கேரட், உப்பில்லாமல், இரண்டு வேளை. எங்கள் வீட்டில் அந்த இறைச்சி சேர்ப்பதில்லை. அதனால் ஹல்துமுல்லை இறைச்சிக்கடைக்கு முதன்முதலாகப் போனபோது, கேட்காமலே "நாய்க்குத்தான், நாய்க்குத்தான்" என்று சொன்னேன். அங்கிருந்த நானா கத்தியைத் துடைத்தபடி, "வெளங்குது தம்பி. ரெண்டு தரம் சொன்னாத்தான் எனக்கு சந்தேகம் வருது" என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தடவை ஒரே தரம் சொன்னேன்.

சனிக்கிழமைதோறும் நிறுவை. ஒரு கொழுந்துச் சாக்கில் நாலு ஓட்டை போட்டு, நாலு காலையும் அதில் விட்டு, லொறிக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள். மேஜர் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இந்த மனிதர்களோடு தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். முதல் வாரமே என் புத்தகத்தில் நாற்பத்தாறுதான் வந்தது. துரை போய் ஒரு வாரத்திலேயே இரண்டு கிலோவா?

இறைச்சியைக் கூட்டினேன். அடுத்த வாரம் நாற்பத்தைந்து. அரிசியைக் கூட்டினேன். மறு வாரமும் நாற்பத்தைந்து. வெளியே அடைமழை. வெலிமடையிலிருந்து மரக்கறி லொறி வரும், அதில் கேரட்டோடு லீக்ஸும் வாங்கி அவித்துப் போட்டேன். லீக்ஸ் துரையின் தாளில் இல்லை, அது என் கைச்சரக்கு. மார்கரின் தடவிய ரொட்டி, காலையில் முட்டை, மாலையில் பசும்பால். பால் பாக்கியக்கா வீட்டுப் பால். அவர் என் மலையில் கொழுந்து எடுப்பவர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மாடு வைத்திருந்தார். நாய்க்கு இதெல்லாம் வடித்துக் கொட்டிவிட்டு, நான் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் தின்றுகொண்டிருந்தேன். சட்டியில் மிஞ்சிய முட்டையை ஒன்றிரண்டு நாள் நான் தின்றதும் உண்டு. மேஜர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருவழியாக மார்கழித் தொடக்கத்தில் நாற்பத்தெட்டு வந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் நாய் என் குவார்ட்டஸ் படியில் ஏற முடியாமல் நின்றது. பின்னங்கால் நடுங்கியது. பலம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு முட்டை சேர்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை மடுவத்து வாசலில் அது விழுந்துவிட்டது. கூப்பிட்டேன், தடவினேன், எழும்பவில்லை. நாக்கைத் தொங்கவிட்டு என்னையே பார்த்தது. கொழுந்தோடு வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். துரை வர இன்னும் ஏழெட்டு வாரம். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அந்தக் கண்ணைப் பார்க்க முடியாதது ஒரு பக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாக்கியக்கா கூடையை இறக்கிவிட்டு வந்து நாயின் விலாவில் கையை வைத்தார்.

"என்னங்கய்யா இது, எலும்பே கையில படலயே? கொழுத்துப் போயில்ல கெடக்கு."

"இல்ல பாக்கியக்கா, எளைச்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. புத்தகத்துல இருக்கு" என்றேன்.

"எங்க, தூக்கி மாட்டுங்க பாப்போம்."

மாட்டினார்கள். முள் ஆடி நின்றது. நான் வழக்கம்போல் பார்த்து எழுதினேன். முள்ளை வாசிக்கத் தெரியாத பெண் ஒருத்தியும் எங்கள் தோட்டத்தில் கிடையாது.

"முள்ளு அம்பத்தாறுல நிக்கிதுங்க. என்ன எழுதுனீங்க?" என்றார் பாக்கியக்கா.

"அம்பது."

"மிச்சம் ஆறு எங்க?"

"மழைதானே..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் நிறைக்கென்று இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும் என்று நாலு, அடைமழைக்கு ஆறு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அப்படித்தான் காட்டித் தந்தார்கள். முள்ளைப் பார்த்ததும் கை தானாகக் கழித்துவிடும். அதே தராசு, அதே சாக்கு, அதே கை. இரண்டு மாதமாக நாயிலும் மழையைக் கழித்துக்கொண்டு வந்திருக்கிறேன்! நான் கழிக்கக் கழிக்க, அது கொழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

பாக்கியக்கா முதலில் சிரித்தார். பிறகு மடுவமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறு வழி இல்லை. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்:

"எங்க கொழுந்துல கழிக்கிறது பத்தாதுன்னு நாயிலயும் கழிச்சிட்டீங்களாய்யா? அதுக்காவது நீங்க தீனியக் கூட்டிக் கூட்டிப் போட்டீங்க."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து சாக்கை மாட்டினார்கள்.

அவர் அன்று சொன்ன கைவைத்தியம் எனக்கு இன்றும் மனப்பாடம். "தீனி போடுறதுக்கு முள்ளப் பாக்காதீங்க. விலாவத் தடவிப் பாருங்க. எலும்பு கையில தட்டணும், கண்ணுல தெரியக்கூடாது. எங்க மாட்டுக்கும் அதான் கணக்கு." பாலையும் முட்டையையும் ரொட்டியையும் நிறுத்தினேன். சோற்றைப் பாதியாக்கினேன். கால் ஊன்றத் தொடங்கியதும் பெண்களே காலையில் மலைக்கு அழைத்துப் போனார்கள். முதலில் முதல் வளைவு வரை, பிறகு மெல்ல மெல்ல உச்சி வரை. தேத்தண்ணி நேரத்தில் யாராவது ரொட்டியை நீட்டினால் பாக்கியக்கா போடுகிற சத்தம் கீழே எனக்குக் கேட்கும்.

நாய் விழுந்த அன்று எல்லோரும் போன பிறகு வெறும் சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்து மாட்டிப் பார்த்தேன். முள் ஒரு கிலோவைக்கூடச் சரியாகத் தொடவில்லை. இலைத் தண்ணீருக்கென்று இன்னொன்றைச் சேர்த்தாலும் இரண்டுதான். திங்கட்கிழமையிலிருந்து வெயிலுக்கு ஒன்று, மழைக்கு இரண்டு என்று மட்டும் கழித்தேன். பத்து நாளில் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் கூப்பிட்டார். "ஒன் மலையில மட்டும் மழையே பெய்றதில்லயா?" என்று கேட்டார். "பெய்யுதுங்க, கொஞ்சமா பெய்யுது" என்றேன். அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

துரை வந்த அன்று மேஜர் வாசலிலிருந்து பாய்ந்து அவர் மேல் ஏறியது. முள் கணக்கில் ஐம்பது. அவர் என் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "நல்லா வச்சிருக்கே" என்றார். வேலை நிரந்தரமானது. வருடம் முடிவதற்குள் என்னை ஃபேக்டரிக்கு மாற்றிவிட்டார்கள், பிறகு டவுன் பக்கம் வேறு வேலை. எனக்குப் பின்னால் வந்தவர் மழைக்கு எத்தனை கழித்தாரோ.

"சேர், நாய் எத்தின கிலோ எண்டு கேட்டேன்" என்றார் கடைக்கார நானா.

"விலா கையில தட்டுது நானா. இப்ப தின்றதே போதும், அதே அளவு தாங்க" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். "வெங்காயம், லீக்ஸ் ஒண்டும் குடுத்துராதீங்க சேர், நாய்க்கி ஆகாது" என்று எச்சரித்தார். மேஜரை நினைத்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். சாக்கிலிருந்து அள்ளுவதற்கு முன் வெறும் சட்டியை மின்தராசில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். சட்டியின் நிறை மறைந்து சைபர் வந்தது. ஒரு நொடி வேலை.

பொத்தான் இல்லாத காலம் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் வெறும் சாக்கைத் தூக்கி மாட்டிப் பார்க்க அன்றைக்கும் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடம் எனக்குத் தோன்றுவதற்கு ஒரு நாய் விழ வேண்டியிருந்தது. நாய்க்கு ஏழெட்டு வாரத்தில் சரிசெய்துவிட்டேன். அதற்கு முந்திய மழை நாட்களில் அந்தப் பெண்களின் சாக்குகளில் கழித்ததை எங்கே போய்ச் சரிசெய்வது?

பெரகல வழியாகப் போனபோது ஒருமுறை இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். மடுவம் இல்லை, அந்த இடத்தில் மானாப் புல் வளர்ந்திருக்கிறது. அந்த லயமும் இல்லை. பாக்கியக்கா குடும்பம் கொழும்புப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், எந்த ஊர் என்று தெரியவில்லை. எங்காவது எதிரே வந்தால் அவர் முதலில் நாயைத்தான் விசாரிப்பார். கொழுந்துப் பேச்சை நான்தான் எடுக்க வேண்டும்.