காக்கா கொண்டுபோன லென்ஸ்

2007-ம் வருடம், பங்குனி முடிகிற சமயம். புதுச்சேரியில் கோரிமேட்டுப் பக்கம் என் மாமியார் வீடு. வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னையும் ஒரு துவைக்கிற கல்லும் இருக்கிற தோட்டம். அதைத் தாண்டினால் மனை போட்டு விற்காமல் கிடந்த வெட்டவெளி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு தெரு, தெரு முனையில் ஒரு மின்கம்பம். அந்தக் கம்பத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் என் கணவர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அங்கே ராணுவத்தில் வேலை. எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவக்காரர்களைச் 'சொல்தா' என்போம். மறைந்த என் மாமனாரும் சொல்தாதான். எனக்கு விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அவர் விட்டுப்போனது ஒரு கம்ப்யூட்டர், ஒரு வெப்கேம், ஒரு டெலஸ்கோப். வெப்கேம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் முகம் பார்த்துப் பேச வாங்கியது. ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் கற்றுக்கொடுத்திருந்தார். முன்னால் இருக்கும் குட்டி லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் போட்டோ ஃபிலிம் டப்பாவை அடி வெட்டி ஒட்ட வேண்டும். கண் வைத்துப் பார்க்கிற துளையில் அதைச் செருகினால் கிரகம் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கும். நிற்கும் என்பது பேச்சுக்குத்தான். பூமி சுற்றுகிறதே, கொஞ்ச நேரத்தில் நழுவி ஓடிவிடும். குழாயைக் கையாலேயே நகர்த்தி நகர்த்திப் பிடிக்க வேண்டும். அந்த ஒன்றரை மாதமும் சாயங்காலமானால் கொசுக்கடியோடு தோட்டத்தில்தான் கிடந்தோம். எல்லாரும் தேனிலவுக்கு ஊட்டி போவார்கள், நீங்கள் சனிக்குப் போயிருக்கிறீர்கள் என்று என் தங்கை இன்னமும் கிண்டலடிப்பாள்.

அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இதெல்லாம் அறவே பிடிக்காது. வருஷா வருஷம் திருநள்ளாறு போய் வருகிறவர். "கோயில்லயே அவருக்கு நேரா நின்னு கும்பிடக் கூடாது, ஓரமாத்தான் நிக்கணும். நீங்க என்னடான்னா கண்ணுல கண்ண வச்சிப் பாக்கறீங்க" என்பார். டெலஸ்கோப் பக்கமே வரமாட்டார்.

பிரான்சுக்குப் போன பிறகு என் கணவருக்குச் சனிப் பைத்தியம் அதிகமானது. அவர் இருந்த ஊரில் எப்போதும் மேகமாம். பேச ஆரம்பித்ததும் "சனி எடுத்தியா?" என்பார். சாப்பிட்டியா என்று கேட்கத் தோன்றாதா இந்த மனுஷனுக்கு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் எடுத்து அனுப்புவேன். அந்தப் படத்தை அவர் பார்க்கும்போது எங்கள் தோட்டத்து மேலே இருக்கிற வானத்தைத்தானே பார்க்கிறார்.

அந்தப் பங்குனியில் அவரை ஆப்பிரிக்காவில் ஏதோ பாலைவன முகாமுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் கிடையாது, பேச்சும் அபூர்வம்தான். போவதற்கு முன் கடைசி ஞாயிறு, நமக்குச் சாயங்காலம், அவருக்கு மத்தியானம். முதலில் உன் முகம், இருட்டியதும் சனி, இரண்டையும் காட்டு என்றார்.

முந்திரிக்கொட்டை நான், எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று லென்ஸை முன்கூட்டியே கழற்றி டப்பாவைப் பொருத்திப் பார்த்தேன். லென்ஸைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு ஒயர் எடுக்க உள்ளே போனேன். வெளியே அத்தையின் கூச்சல். ஓடி வந்தால், தென்னை மட்டையில் ஒரு காக்கா, அதன் வாயில் என் லென்ஸ். நான் கல்லெடுத்ததும் பறந்தே போய்விட்டது.

"சொன்னேனே கேட்டியா? வாகனத்த அனுப்பி வாங்கிக்கினாரு பாரு" என்றார் அத்தை. சிரிப்புதான் வந்தது, ஆனால் வேறு லென்ஸுக்கு எங்கே போவேன்? ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டர் கடை எதுவும் திறந்திருக்காது.

ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரில் அழைப்பு வந்தது. திரையில் அவர், முடியை ஒட்ட வெட்டி, கண்ணெல்லாம் சோர்ந்து. நான் அவருக்குத் தெரியவில்லை. லென்ஸ் இல்லாத வெப்கேமில் வெள்ளையாகப் புகை மாதிரிதான் விழும். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று அடங்கிவிட்டார். "பரவால்ல, கொரல் கேக்குதே" என்றார். அந்தப் 'பரவால்ல'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் கம்பம் கண்ணில் பட்டது. இருட்டுவதற்கு முன் டெலஸ்கோப்பைச் சரிபார்க்க நாங்கள் குறிவைப்பது அதைத்தான். அதில் பெயின்ட்டால் எழுதிய எண் திரையை அடைத்துக்கொண்டு தெரியும். எண் தெரிந்தால் என் முகம் தெரியாதா? வெப்கேமுக்கு லென்ஸ் போனால் என்ன, ஒரு ஆள் நீளத்துக்கு டெலஸ்கோப் இருக்கிறதே!

ஜன்னல் வழியே ஒயரை இழுத்துச் செருகினேன். படம் தலைகீழாக விழும் என்பதால் கேமராவைத் திருப்பி வைத்தேன். கம்பத்து எண் பளிச்சென்று வந்தது. குழாயைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அத்தை பின்வாங்கினார். "சாமி இல்ல அத்தை, நான்தான். நேராவே பாக்கலாம்" என்று அவர் கையைப் பிடித்துக் குழாயில் வைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு முள்ளும் கல்லும் பாராமல் ஓடினேன்.

கம்பத்துக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் புரிந்தது. இங்கிருந்து எனக்கு எதுவும் தெரியாது, எதுவும் கேட்காது. தூரத்தில் தோட்டமும், கரும்புள்ளி மாதிரி குழாயின் வாயும், அதன் பக்கத்தில் அத்தையின் தலையும்தான். தெரிகிறேனா இல்லையா? முடியை ஒதுக்கிக்கொண்டேன். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "யாருக்கும்மா நிக்கிற, வரலியா இன்னும்?" என்றார். வரலண்ணா என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தை தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து ஒரு கையால் தலைக்கு மேலே சுழற்றினார். தெரிந்துவிட்டேன்!

சிரித்தேன். எவ்வளவு நேரம்தான் சிரிக்க முடியும்? உதடு கோணியது. அவருக்குக் கேட்காதென்று தெரிந்தும், போய்ட்டு சீக்கிரம் வந்துடு என்று சொன்னேன். நேரில் 'வாங்க போங்க' என்பவள், அன்றைக்கு ஒருமையில் சொன்னேன். வெளிச்சம் மங்கி, அத்தையின் துண்டு தெரியாமல் போகும்வரை அசையாமல் நின்றேன்.

திரும்பி வந்தபோது திரையில் அவர் இல்லை. கூப்பிட்டுவிட்டார்களாம். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. 'அம்மா, அசைக்காத, அசைக்காத'ன்னான், அவ்ளோதான்" என்றார் அத்தை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவங்கப்பா சொல்தாவாப் போனப்ப எனக்கு இப்படி ஒரு கொழா இல்லாம போச்சே" என்றார்.

மறுவருடம் விசா வந்தது. இப்போது பிரான்சில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அத்தை மட்டும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால், போனைத் துவைக்கிற கல்மேல் சாய்த்து வைத்துவிட்டு, விடுவிடுவென்று தோட்டத்துக் கடைசித் தென்னைக்குப் போய் நின்று துண்டை ஆட்டுகிறார். எங்களுக்கு விரல்நுனி அளவுதான் தெரிகிறார். முதலில் கிட்ட வாங்க அத்தை என்று கத்திக்கொண்டிருந்தேன், இப்போது கத்துவதில்லை. தூர தேசத்தில் இருப்பவர்களின் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டுமென்றால் தள்ளிப் போய்த்தான் நிற்க வேண்டும் என்று அன்றைக்கு அவர் மனதில் பதிந்துவிட்டது, அது தப்பென்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.