பிறவினைக்கு ஓர் உதாரணம்

எதிர்வீட்டுப் பெண் தேர்வுக்காகத் தன்வினை, பிறவினை என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அறுபதுகளில் செஞ்சியில் படித்த எட்டாம் வகுப்பு கண்முன் வந்துவிட்டது.

அன்று என் படிப்பை நிறுத்துவதற்காக நைனா சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தார். கொல்லையில் விளைந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பிடுங்க ஆள் போதவில்லை. செம்மண் படிந்த வேட்டியோடு வகுப்பு வாசலில் நின்றவரை டீச்சர் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். பிறகு எங்களிடம், "பிறவினைக்கு உதாரணம் யார் சொல்றீங்க?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன். புத்தகத்தில் இருந்த உதாரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

"நான் படிக்கிறேன், இது தன்வினை. எங்க நைனா என்னைப் படிக்க வைக்கிறார், இது பிறவினை" என்றேன், வாசலைப் பார்த்து.

"ரொம்ப சரி" என்ற டீச்சர் நைனாவிடம் திரும்பினார். "நீங்க வந்த விஷயம்?"

நைனா தலைத்துண்டை அவிழ்த்தார். "ஒண்ணுமில்லம்மா. புள்ள எப்பிடிப் படிக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சாயங்காலம் வீட்டில் என்னைக் கூப்பிட்டார். "பிறவினைன்னா இன்னா புள்ள?"

"தான் செய்யாம இன்னொருத்தரச் செய்ய வெக்கிறது, நைனா."

"அப்ப, காலைல எங்கிட்ட நீ பண்ணது அதுதான்" என்று சிரித்தார்.