தண்ணீரில் எரிந்த கற்பூரம்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எந்த ஆசிரியருக்கும் உயிர் பாதிதான் இருக்கும். ஐம்பதைத் தொடப்போகும் அறிவியல் ஆசிரியருக்கு அதிலும் பாதி. அந்த நேரத்தைப் போய் ஒன்பதாம் வகுப்புக்காக நானே கேட்டு வாங்கியிருந்தேன். பிள்ளைகள் நூலகத்து அறிவியல் புத்தகம் ஒன்றிலிருந்து இரண்டு பக்கம் சத்தமாக வாசிப்பார்கள்; பிறகு வாசித்ததைச் செய்து பார்ப்போம். கேட்டு வாங்கிய அன்று எனக்குக் காய்ச்சல் அடித்திருக்க வேண்டும்.

தலைமை ஆசிரியைக்கு அந்தப் பீரியடின் மேல் ஒரு கண். கணக்கில் தடுமாறுகிறவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வைக்க அவருக்கு நேரம் தேவைப்பட்டது. கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார், அவர் பார்த்துவிட்டு இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் கணக்குக்குக் கொடுத்துவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. நான் கோபப்பட்டிருக்க வேண்டும். சீக்கிரம் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமே என்றுதான் முதலில் தோன்றியது.

அதிகாரி வந்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் செங்கம் சாலையில் காலையிலேயே பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேங்கிக்கால் பக்கம் இருக்கும் பள்ளி வரைக்கும் நடந்தேன். மலையைச் சுற்றாமலே கிரிவலம் போன களைப்பு.

அன்றைய பாடம் பதங்கமாதல். திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாகும் விஷயம். அதற்கு நவச்சாரம் வேண்டும். ஆய்வகத்துப் புட்டியில் இருந்த நவச்சாரம் பல மழைக்காலம் பார்த்துச் செங்கல்லாகியிருந்தது. இந்த ஊரில் அதற்கு மாற்றுத் தேட வேண்டியதில்லை; வழியில் இருந்த பூஜைக் கடையில் கற்பூரம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பீங்கான் கிண்ணத்தில் கற்பூரம், அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிப் புனல், கீழே ஸ்பிரிட் விளக்கு. ஆவி மேலே போய்ப் புனலின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். இருபது வருடமாகப் படிந்துகொண்டுதான் இருக்கிறது.

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தலைமை ஆசிரியை கதவருகே நின்றார். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, நிலக்கடலை போடுகிற வீட்டுப் பெண், எழுந்து புத்தகத்தை வாசித்தாள். திருத்தமாக வாசித்தாள். பயந்தது நான்தான்.

பயத்தில் விளக்கின் திரியை அதிகமாக இழுத்துவிட்டிருக்கிறேன். புனலில் வெள்ளை படியும் முன்பே தீ கிண்ணத்தின் விளிம்பில் ஏறியது. கெட்டிக்காரத்தனமாகப் புனலை வெறும் கையால் தூக்கினேன். சுட்டது. போட்டேன். புனல் கிண்ணத்தைத் தட்டியது, கற்பூரம் கீழே இருந்த தகரத் தட்டில் கொட்டிக் குப்பென்று பற்றிக்கொண்டது.

அப்போது நடந்ததை எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு பிள்ளைகூட அலறவில்லை. முன்வரிசை எழுந்தது, சுடருக்கு நேரே கைகளை நீட்டியது, கண்ணில் ஒற்றிக்கொண்டது. இரண்டாம் வரிசை எட்டாத தூரத்திலிருந்தே ஒற்றிக்கொண்டது. கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அதிகாரி எழுந்து நின்றிருந்தார். அவர் கால்கள் செருப்பைவிட்டு வெளியே வந்திருந்தன. மொத்த வகுப்பிலும் தீ விபத்து என்று நினைத்தவன் நான் ஒருவன்தான்.

மணல் வாளியை எடுக்க ஓடினேன். அதில் சாக்பீஸ் துண்டுகளும் பிஸ்கட் காகிதமும் இருந்தன, மணல் இல்லை. மேஜைமேல் யாருடையதோ தண்ணீர்ப் பாட்டில். அதைத் திறந்து தட்டில் கவிழ்த்தேன். அணைந்தது என்று திரும்பினால், கற்பூர வில்லைகள் தண்ணீரின்மேல் மிதந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தெப்பம் மாதிரி சுற்றிச் சுற்றி எரிகின்றன. வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது. தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, பீரியடு போச்சு என்று மனதுக்குள் ஒரு குரல்; சனியன் விட்டது என்று அதன் பின்னாலேயே இன்னொன்று.

வில்லைகள் தாமாக எரிந்து தீர்ந்தன. வாசித்த பெண் இன்னும் புத்தகத்தை மூடவில்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

"சார், தண்ணி ஊத்தினா நெருப்பு அணையும்னுதான படிச்சோம்? இது ஏன் சார் மிதந்துக்கினு எரியுது? புக்ல இல்லயே."

"அதைக் காட்டத்தாம்மா ஊத்தினேன்," என்றேன்.

"அப்பறம் ஏன் சார் நீங்க அப்டி ஓடனீங்க?"

வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். காலால் துழாவிச் செருப்பைத் தேடியபடி அவளிடம், உனக்கு என்ன தோணுது என்று கேட்டார். கற்பூரம் தண்ணீரைவிட லேசு, அதனால் மேலேயே நிற்கிறது, மேலே காற்று இருக்கிறது, எரிகிறது என்றாள். சரி, ஆனால் ஏன் சுற்றியது என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியலம்மா," என்றார் அவர். "எரியாத கற்பூரமும் சுத்துமானு போட்டுப் பாருங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கேக்கறேன்."

தலைமை ஆசிரியை தணிந்த குரலில், அடுத்த வாரத்திலிருந்து இந்த நேரம் கணக்குக்கு என்று ஆரம்பித்தார்.

"கணக்குக்கு வேற எடம் பாருங்க மேடம். இது இப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அதிகாரி கிரிவலத்துக்குக் கிளம்பிப் போனார்.

பீரியடு தப்பித்தது. நான்தான் மாட்டிக்கொண்டேன். மேடம் என்னிடம், இனி நெருப்பு மட்டும் வேண்டாம் சார் என்றார். அவர் கேட்காமலே அதற்குச் சத்தியம் செய்திருப்பேன். ஈரத் துணியைச் சுட்ட விரலில் சுற்றிக்கொண்டு தட்டிலிருந்த கரியைத் தேய்க்க உட்கார்ந்தேன். பஸ் இல்லாத நாளில் திரும்பவும் நடக்க வேண்டும். அதற்கும் மேல், கற்பூரம் ஏன் சுற்றுகிறது என்று ஒரு வாரத்துக்குள் படித்தாக வேண்டும்.

அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். தண்ணீர்மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டால் அப்போதும் சுற்றுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"எங்க வூட்ல கடலெண்ண இருக்குது சார். எடுத்தாரட்டா?"

"எடுத்துட்டு வா," என்றேன். "கம்மியா எடுத்தா போதும்."