நாலு சுற்று ரப்பர் பேண்ட்

அந்த மீன் ஆலையில் அவளை எல்லாரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தி அப்படிப் போகும். பதினோரு வருஷமாக முதல் மேசை அவளுடையது. பக்கத்தில் நிற்பது கூடப்பிறந்த அக்கா. மின்னலுக்கு வாயும் சும்மா இல்லை, கத்தியைவிடக் கூர்.

ஆறு மாதமாக வலது கையில் தடிப்புத் தடிப்பாக அரிப்பு. பிறகு கட்டைவிரலிலிருந்து நடுவிரல்வரை மரத்துப்போனது. மீன் தண்ணீர்தான் உள்ளே போய்க் கெடுக்கிறது என்று முடிவு கட்டினாள். அந்த வரிசையில் எல்லாரும் செய்வதுபோல ரப்பர் கையுறைமேல் இன்னொரு கையுறை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றினாள்.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அந்த ரப்பரே உங்களுக்கு ஒத்துக்கலைம்மா. ஒத்துக்காததைத் தொட்டா உடம்புல ஹிஸ்டமின்னு ஒண்ணு வெளிப்படும். அதான் அரிப்பு, வீக்கம். மணிக்கட்டுல நரம்பு போற வழி ரொம்பக் குறுகல். கத்தி பிடிச்சுப் பிடிச்சு அங்க ஏற்கெனவே நெருக்கடி. வீக்கமும் சேர்ந்தா நரம்பு நசுங்கலாம். நீங்க அதுமேலயே கட்டும் போடறீங்க!"

"அப்ப வெறுங்கையால மீனையும் விரலையும் சேர்த்து நறுக்கவா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். கொழுப்பு, வேறென்ன!

மேசை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்தான் அவளை ஆட்டிப்படைத்தது. கத்தி நழுவி விழும்போதெல்லாம் அக்கா தான் வெட்டிய மீன்களை அவள் தட்டில் தள்ளிவிட்டாள். அது சூப்பர்வைசர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"நாளையிலேருந்து நீ தரை கழுவு. நடிக்கிறவளுக்கு இங்க இடமில்ல," என்றான், அத்தனை பேர் முன்னால். சொன்னதோடு விட்டானா பாவி? கத்தியோடு நின்றவளின் முழங்கையைப் பிடித்து, மரத்த கையை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தான். "இப்ப உணர்ச்சி வந்துச்சா?"

தோள்வரை தீப்பிடித்தது. டங்கென்று ஏதோ தரையில் விழுந்தது. வழக்கம்போலக் கத்திதான் விழுந்தது என்று நினைத்தாள். விழுந்தது தட்டு.

"உன்னைய இன்னைக்கு விடமாட்டேன்டா!" அவன் கன்னத்தைப் பார்த்து அதே கையை வீசினாள். ஒரே ஒரு அறை, அதுதான் அவள் நினைத்தது. "வேணாம்டி!" என்று அக்கா குறுக்கே பாய்ந்தாள்.

அக்காவின் தோளிலிருந்து மார்புவரை சட்டை பிளந்தது. ரத்தம் வெள்ளைத் தரையில் கொட்டியது. சூப்பர்வைசர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மின்னல் அலறிக்கொண்டு அக்காவைத் தாங்க ஓடினாள். அக்கா ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, குதிகாலை உதைத்து உதைத்துப் பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதடி! கத்தியைக் கீழ போடு!"

"எந்தக் கத்திக்கா? அது அப்பவே விழுந்துடுச்சே," என்று அழுதாள் மின்னல், அதை இறுகப் பிடித்தபடியே.